பொம்மையன் பெயரில் ஒரு எக்ஸ்ரே

சோற்றில் ஒரு பொடிக்கல் கடிபட்டாலும் நான் இலையை மடித்துவிடுவேன். கல்குவாரி வைத்திருப்பவனுக்கு ஆகாத குணம் என்று என் மனைவி லிடியா கேலி செய்வாள். பதினோரு வருடமாகச் சிறுமலை அடிவாரத்தில் பாறை உடைத்து ஜல்லியும் எம்-சாண்டும் விற்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

அடிவாரத்து விவசாயிகள் மனு கொடுத்தார்கள். எலுமிச்சையில் பூ நிற்கவில்லை, கிணற்றுத் தண்ணீர் பால் நிறத்தில் வருகிறது என்று. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகள் பாறையில் துளை போடும் நான்கு பேரின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கேட்டதுதான் தொந்தரவு. மூன்று பேர் புதியவர்கள். நான்காமவன் பொம்மையன், ஒன்பது வருடமாகத் துளை மெஷின் பிடித்தவன். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி பறக்காது, ஆனால் நேரம் பிடிக்கும். அதனால் நான் தண்ணீர் விடச் சொன்னதில்லை.

அவன் காறித் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழும். பார்த்தாலே எனக்குக் குமட்டும். அவனைக் காரில் ஏற்றாமல் பஸ்ஸில் வரச் சொன்னேன். எக்ஸ்ரே எடுக்கும் பெலிக்ஸ் தெரிந்த பையன். படத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பக்கமும் சுண்ணாம்பு தெளித்ததுபோலப் புள்ளிகள். "இந்த ஆளு இனி தூசிப் பக்கமே போகக்கூடாதுண்ணே" என்றான்.

பொம்மையனை அனுப்பிவிட்டு நான் சட்டையைக் கழற்றினேன். பெலிக்ஸ் தயங்கினான். அவன் வீட்டுத் தளத்துக்கு நான் அனுப்பிய ஜல்லியை நினைவுபடுத்தினேன். எக்ஸ்ரே பலகை கண்டவர்களும் தாடை வைத்த இடம், அதனால் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் நின்றேன். என் நெஞ்சு பொம்மையன் பெயரில் அச்சாகி வந்தது.

மறுநாள் அவன் வந்து நின்றான். "மொதலாளி, மேமூச்சு வாங்குது. நெய்க்காரப்பட்டியில மச்சான் கரும்புக்காடு வச்சிருக்காரு. அங்கிட்டுப் போயிர்றேன்."

அவனைப்போலத் துளை போட ஆள் கிடையாது. படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். "ஏலே, பாரு அப்பு. உன் நெஞ்சு கண்ணாடி கெணக்கா இருக்கு. எல்லாம் வெறும் பயம்."

அவன் சிரித்தான், மூக்கு ஒழுக அழவும் செய்தான். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப்போய்த் தெருவுக்கே காட்டினானாம். ஊரைவிட்டுப் போகவில்லை. பதினான்கு மாதம் துளை போட்டான். கடைசியில் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செத்தான். கொலை என்று எழுதாதீர்கள். செத்துக்கொண்டிருந்தவனுக்கு நான் தைரியம்தான் சொன்னேன்.

அவன் பெண்டாட்டி மாயம்மாள் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிப் பொட்டு வைத்திருக்கிறாள். வேறு போட்டோ கிடையாது, ஆதார் அட்டையில் இருப்பது அவன் முகம் மாதிரியே இல்லையாம். துக்கம் கேட்கப் போன ஊர் நர்ஸ் சகாயசெல்வி அதைப் பார்த்துவிட்டு, "ஒன் வீட்டுக்காரருக்குக் காறையெலும்பு ஒடிஞ்சு கூடுச்சா?" என்று கேட்டிருக்கிறாள். ஒடிந்தது எனக்கு, கல்லூரியில் படிக்கும்போது.

மாயம்மாள் படத்தோடு என் ஆபீஸுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "பதினாறு நாளா நான் யாரு நெஞ்சுக்கு மொதலாளி சோறு படைச்சேன்?" என்றாள்.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். பயத்தால் அல்ல. படத்தில் குங்குமம் அப்பியிருந்தது, எண்ணெய்க் கை பட்டிருந்தது, அந்தக் குடிசைப் புகை படிந்திருந்தது. அத்தனையும் என் நெஞ்சின்மேல். வீட்டுக்குப் போய் சோப்புத் தீரும்வரை நெஞ்சைத் தேய்த்துக் குளித்தேன் சார். மற்றபடி எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.