வடியும் வரை

ஸ்ட்ராங் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு சார். தானியத்தைக் கூட்டக் கூட்ட, அதிலிருக்கும் சர்க்கரை வெளியே வராமல் சக்கையிலேயே தங்கிவிடும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, இனிப்பு நீரை வடித்தெடுக்க வேண்டும். கொதிக்கவைப்பதும் புளிக்கவிடுவதும் பிறகுதான். வடிக்கிற இடத்தில் கோட்டைவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் வீரியம் இருக்காது. இதை வீட்டில் காய்ச்சுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். அதை மறுப்பதற்காக நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை.

என் பெயர் தனசேகர். மலைமேல் வட்டக்கானலில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறேன். யோகராஜ் எனக்குக் கூட்டாளி. அட்டுவம்பட்டியில் வீடு. அவனைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சமையலை அவன் பார்த்துக்கொள்வான், வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன். என்னைச் சேகரண்ணே என்றுதான் கூப்பிடுவான். பியர் காய்ச்சும் ஆசை இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் வந்தது.

போன மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து தங்கினார். அவரும் காய்ச்சுகிறவர். எங்கள் பியரைக் குடித்துப் பார்த்துவிட்டு, சக்கையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வில்பட்டியில் மாடு வைத்திருக்கிற ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றேன்.

"அப்ப ஸ்ட்ராங் பியர் குடிக்கிறது அந்த மாடுதாங்க" என்றார்.

யோகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள்ளேயே கிடந்தது.

அதற்கப்புறம் தானியத்தை இன்னும் பொடியாக உடைத்தோம். மேலே ஊற்றும் வெந்நீரை அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். வடிகுழாயை நூலளவு மட்டும் திறந்துவைத்தோம். அவசரப்பட்டால் தண்ணீர் ஒரே தடத்தில் இறங்கிவிடும், சர்க்கரை அங்கேயே நின்றுவிடும். எல்லாமே பலன் கொடுத்தது. பாக்கி இருந்தது குளிர் மட்டும்தான். பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றினாலும் எங்கள் ஊர்க் குளிரில் பாதியிலேயே சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் மாவு சர்க்கரையாக மாறாது.

வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் கல் அறை ஒன்று உண்டு. மார்கழியில் அதன் சன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் அடித்தேன். கதவடிச் சந்தில் சாக்கைத் திணித்தேன். உள்ளே கரி அடுப்பு மூட்டினேன். யோசனை என்னுடையது. யோகராஜுக்கு அதில் பங்கில்லை.

கரிப் புகை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவரக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று கெஸ்ட் ஹவுஸின் எல்லா அறைகளிலும் நானே என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். அது தூங்குகிறவர்களுக்கு என்று நினைத்தேன். விழித்திருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அன்று மத்தியானம் மஞ்சு இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. யோகராஜ் உள்ளே அகப்பையோடு நின்றான். நான் வெளியே இருந்தேன். உள்ளே கொஞ்ச நேரம் நின்றாலே எனக்குத் தலை கனத்தது. ஒரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

"சேகரண்ணே, தல ரொம்ப வலிக்குதுங்க. சன்னலக் கொஞ்சம் தெறந்துவிடுவமா?"

"வடிஞ்சு முடியட்டும்லே. இப்பத் தெறந்தா அம்புட்டும் பாழாப் போகும்" என்றேன்.

சரி என்றான். அவன் எதற்குமே சரி என்கிறவன்.

பிறகு நான் போனபோது கதவோரமாகக் கிடந்தான். வெயிலில் நின்றுவிட்டு வந்தவனைப் போல முகம் சிவந்திருந்தது. மூச்சு இருந்தது, இழுத்து இழுத்து வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள், பாத்திரத்தைப் பார்ப்பார்கள். அதை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். வடியாமல் அதைத் தூக்க முடியாது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருக்கலாம். திறக்கவில்லை, நூலளவாகவே விட்டேன். கை அப்படிப் பழகியிருந்தது. வடிந்ததில் கொஞ்சம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டேன். எங்களுக்கு ஒருநாளும் அந்த அளவு ஏறியதில்லை.

பாத்திரத்தை அப்புறப்படுத்திய பிறகுதான் அவனை வெளியே தூக்கிவந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை ஜீப்பைக் கூப்பிட்டேன். ஜீப் வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

நெஞ்சுவலி என்று சொன்னேன். அவன் அப்பாவும் அப்படிப் போனவர் என்பதால் யாரும் துருவிக் கேட்கவில்லை. அந்தப் பியரைப் பொங்கலுக்கு வந்து தங்கியவர்கள் குடித்தார்கள். கீழே கொட்ட எனக்கு மனம் வரவில்லை, அவன் உழைப்பு அதில் இருந்தது. நான் மட்டும் அதை வாயில் வைக்கவில்லை.

அவன் மனைவி ஜோதிமணி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கடைசியா என்னங்கண்ணே சொன்னாரு?"

"ஒம்பேரத்தாம்மா சொன்னான்" என்றேன்.

அதை அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதையே சொல்லிக்கொண்டு என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு நேரே இங்கே வந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் சார். அந்தக் கதவு காற்றுக்குத் தானே திறந்துகொள்ளும். சூடு போய்விடக் கூடாதே என்று, எட்டிப் பார்த்துவிட்டு வரும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தட்டினான். அண்ணே என்று கூப்பிட்டான். நான் சுவரை ஒட்டித்தான் நின்றிருந்தேன், நன்றாகவே கேட்டது. வடிந்து முடிய இன்னும் சற்று நேரம் இருந்தது. தட்டுவது நின்றதும், பொறுத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈரமில்லாதவன் கிடையாது. அவன் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியிருந்தால் திறந்திருப்பேன்.