பச்சைக் கோட்டும் லாவெண்டர் பூவும்

மாப்பிள்ளை கோட்டில் குத்தும் பூவை இடப்பக்கம்தான் குத்த வேண்டும், சார். மைசூரில் பாதிப் பேர் வலப்பக்கம் குத்திக்கொண்டு மேடையேறிவிடுகிறார்கள். இந்தப் பூக்கடைக் கணேசன் யாரிடமும் கோபித்துக்கொண்டான் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அனகா, ஸுமந்த் கல்யாணம் காலையில் மேல்கோட்டையில் நடந்தது. அந்த மாலைகள் வேறு யாரோ கட்டியவை. சாயங்கால ரிசப்ஷன்தான் என்னுடையது. பெண் கையில் லாவெண்டர் நிறப் பொக்கே, மாப்பிள்ளையின் சாம்பல் நிறக் கோட்டில் அதே பூவில் ஒன்று, சம்பந்திகளுக்குக் கொஞ்சம் வெளிறியது, தோழிகளுக்கு அதைவிட வெளிறியது. இதற்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஆர்டர் எடுக்கும்போதே யாருக்கு எது ஒவ்வாது என்று கேட்டுக்கொள்வேன். வேறு எந்தப் பூக்கடையில் இவ்வளவு அக்கறை? மாப்பிள்ளையின் அம்மா வத்ஸலா மாமி, "இவனுக்கு தேனீ கொட்டினா மூச்சே நின்னுடும். ஊசி எப்பவும் என் கைப்பையிலேயே இருக்கும்" என்றார். குறித்துக்கொண்டேன்.

ரிசப்ஷனுக்கு இரண்டு நாள் முன்பு ஸுமந்த் சாம்பல் கோட்டை விட்டுவிட்டு, பாட்டில் பச்சை நிறத்தில் ஒரு கோட்டு வாங்கிவிட்டார். போனில் கெஞ்சினேன்.

"பூ தானே குரு, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ" என்று சிரித்தார்.

அது வலித்தது சார். மறைக்க மாட்டேன்.

குளிர்பெட்டியில் வைத்தால் தேனீ அசையாமல் கிடக்கும். ஒன்றை இதழ்களுக்குள் வைத்து, நானே அவர் கோட்டில் குத்திவிட்டேன். நன்றி சொன்னார், நல்ல மனிதர். மேடை விளக்குகளின் சூட்டில் அது விழித்துக் கழுத்தில் கொட்டியது.

மாமியின் கைப்பை ரத்தச் சிவப்பு. போட்டோவில் கண்ணை உறுத்தும் என்று முன்பே எடுத்துப்போய் என் வேனில் பூட்டியிருந்தேன். "என் பையைப் பாத்தேளா?" என்று மாமி ஒவ்வொருவரிடமும் அழுதபடி கேட்டார். என்னிடமும் கேட்டார். நான் பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அனகா பொக்கேயைப் போட்டுவிட்டு அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாமே. வருத்தம்தான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே மேடையில் எடுத்த கடைசி போட்டோவையும் சேர்த்துவிடுங்கள். அவர் உதடும் அவள் பொக்கேயும் ஒரே நிறம். அப்படிப் பொருத்தித் தருவதாகத்தான் அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.