கெலெபோகிலே அம்மையார் கேட்ட வேலை

மேடையிலிருக்கும் போதகர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, தாய் கெலெபோகிலேயை இழந்து கலங்கி நிற்கும் மகள் ஒனலென்னா அவர்களே, ஷிப்ட் முடிந்து குளிக்காமல்கூட ஓடி வந்திருக்கும் என் சுரங்கத் தோழர்களே! வணக்கம். நான் செகமெட்சி, மூன்றாம் ஷிப்டின் மேற்பார்வையாளர்.

இந்தப் பதவியில் கெலெபோகிலே செரோக்கே அம்மையார் அமர்ந்திருக்க வேண்டும். அமரவில்லை. அந்த வருத்தத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் ரஸ்டன்பர்க் பிளாட்டினச் சுரங்கத்தில், பூமிக்கடியில் ரயில் எஞ்சின் ஓட்டியவர் அவர். நம் தென்னாப்பிரிக்காவில் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. பெண்களையும் கறுப்பின மக்களையும் உடல் ஊனமுற்றோரையும் மேல் பதவிகளுக்கு உயர்த்தச் சொன்னது. நிர்வாகம் என்ன செய்தது? அவருக்கு மேற்பார்வையாளர் பட்டம் கொடுத்து, மேலே ஓர் அறையில் உட்கார வைத்தது. கீழே உத்தரவு போட்டது வேறொருவர்!

அரசு ஆய்வாளர் வந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். மேலாளர் வெசல்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "சும்மா சிரிச்சிட்டு நில்லுங்கம்மா, போதும்."

ஆய்வாளர் கேட்டார்: "உங்க ஷிப்ட்ல எத்தன பேரும்மா?"

"தெரியாதுங்க. நான் கீழ எறங்கியே ஏழு மாசமாச்சு. உங்களுக்குக் காட்டத்தான் என்னைய இங்க வச்சிருக்காங்க."

வெசல்ஸ் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மறுவாரமே பட்டம் போனது. விளக்கு அறையில் சுரங்கத் தொப்பி விளக்குகளின் பேட்டரி துடைக்க அனுப்பினார்கள். நம் ஆட்களே விட்டார்களா? ஒருவன் அவரிடம் கேட்டான்:

"உக்காந்த எடத்துல சம்பளம் வந்துச்சு, அத ஒதச்சுத் தள்ளிட்டியே! கிறுக்கா ஒனக்கு?"

"சம்பளமும் வேணும்டா, வேலையும் வேணும். ஒன்ன மட்டும் குடுத்தா அது பிச்ச."

வழக்குப் போட்டார். நம் சங்கமே சமாதானமாகப் போகச் சொன்னது. அவர் போகவில்லை. ஆண்டுகள் ஓடின. தீர்ப்பு வந்தது: பதவியையும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடு! வென்றார், தோழர்களே! ஆனால் அதற்குள் நுரையீரல் கெட்டுவிட்டது. கீழே இறங்கத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதிவிட்டார். அடுத்த இடத்திலிருந்த எனக்கு அந்த வேலை வந்தது.

என் முதல் நாளில் சுரங்க வாசலுக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. வாழ்த்துவார் என்று நினைத்தேன்.

"பொறாமையா இருக்குடி எனக்கு," என்றார். "வயிறு எரியுது. சரி போ, ஒன் ஆளுங்க நிக்கிறாங்க."

நான் இறங்கினேன். அவர் அங்கேயே நின்றார்.  

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது நடந்து வருவதற்குள் ஒரு மனுஷியின் மூச்சு தீர்ந்துவிட்டதே!

ஒனலென்னா, உன் அம்மாவைப் புகழ்ந்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவதற்காக நாங்கள் கூடவில்லை. முதலாம் ஷிப்டுக்கு மேற்பார்வையாளர் என்று போன மாதம் கெய்ட்டுமெட்சியை நியமித்தார்கள். இன்றுவரை அவள் ஒருநாளும் கீழே இறங்கவில்லை, நிர்வாகம் இறங்க விடவில்லை. அதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நிமிர்ந்து பாரடி, கெய்ட்டுமெட்சி! திங்கட்கிழமை காலை உன் அறைக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். நீ ஏறாமல் சுரங்க லிஃப்ட் கீழே போகாது.