மூணாவது ஓலை

...அந்த மமதா மேலதான் தப்புன்றேன் அக்கா. மனுசிக்கு வாய் அடக்கம்னு ஒண்ணு வேணாமா? நான் கேட்டா உடனே சொல்லிடறதா? கொஞ்சம் தள்ளிக் குந்துங்க, இந்த டிரெயின்ல எப்பவும் கூட்டம். அந்தக் கூடைய இப்டிக் குடுங்க, நான் மடில வெச்சுக்கறேன். பழமா? நல்ல வாசனை.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்... ஆங், மமதா. நான் பெங்களூருல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல ஸ்டோர் பாக்கறேன். அவ மெசின்ல குந்தறவ. நம்ம ரத்தத்துல தட்டணு கீதில்ல, அடிபட்டா ரத்தத்த நிறுத்துமே, அது மேல ஏதோ புரோட்டீன் இருக்கணுமாம். இருக்கா இல்லையான்னு பாக்க ஆன்டிபாடின்னு ஒரு மருந்து. ஒரு சொட்டு வுட்டா அந்தப் புரோட்டீனப் போய்ப் புடிச்சுக்கும், மெசின்ல வெளிச்சமாத் தெரியும். புரோட்டீன் இல்லன்னா இருட்டு. அந்தப் புள்ளைக்கு இருட்டுன்னு வந்துச்சு.

எந்தப் புள்ளயா? என் பையன் கிறிஸ்டோவுக்குப் பேசி முடிச்ச பொண்ணுக்கா. நிச்சயத்துல வளையல் போட்டேன், மறுநாள் மணிக்கட்டு நீலமா கன்னிப் போச்சு. ரத்தத்துல கோளாறோ இன்னாவோன்னு எங்க லேபுக்கே இஸ்துக்கினு போனேன். வளையல் கொஞ்சம் சின்னதுதான், ஒத்துக்கறேன். சோப்பு போட்டு ஏத்துனேன். அதுக்குன்னு கன்னிப் போவுமா?

டாக்டரம்மா கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே மமதா காதுல ஓதிட்டா, இருட்டுன்னு. எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு. ரெண்டு ஆச்சு. மூணாவது அன்னிக்கு, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு ஃபாதர் கேட்டாரு. அதுக்கு யாரும் எழுந்ததே கெடையாதுக்கா. நான் எழுந்துட்டேன். மாப்பிள்ளையப் பெத்தவ, பொண்ணு ரத்தத்துல கோளாறுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். பொண்ணோட அப்பா முன்னாடி பெஞ்சுல குந்திக்கினு இருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல.

மறுநாள் டாக்டரம்மா, நல்லா கீற ஆளு ரத்தத்தயும் அதே மருந்துல பாருன்னாங்க. நான்தான் கைய நீட்டினேன். கல்லு மாதிரி ஒடம்பு எனக்கு. எனக்கும் இருட்டு.

அப்பறம் சொல்றாங்க, மருந்தே செத்துப் போச்சாம். அது ஐஸ் ஆவக்கூடாதாம், ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல சும்மா கெடக்கணுமாம். ஃபிரீசர்ல யாரு வெச்சதுன்னு ஒரே கேள்வி. இன்னா கேள்விக்கா அது? மாரிக்குப்பத்துல எங்க லைன் வூடுங்கள்ல சனிக்கிழம கரண்டு போனா திங்கக்கிழமதான் வரும். வெலையுள்ளத எல்லாம் ஐஸ்லதான் போடுவோம், கறியானாலும் மருந்தானாலும். சனிக்கிழம வூட்டுக்குக் கெளம்பச்சொல்ல நல்லெண்ணத்துல வெச்சேன். அங்க ஜெனரேட்டர் கீதாம். எனக்கு யாரு சொன்னா?

புது மருந்து வந்து பாத்தா, புள்ளைக்கு வெளிச்சம் பளபளன்னு கீது. ஒரு கொறையும் இல்ல. தங்கமான பொண்ணுக்கா. கிறிஸ்டோ என் மூஞ்சப் பாத்துப் பேசறதில்ல, என் கையால சோறு வாங்கறதில்ல. அதான் லீவு சொல்லிட்டு நேரா அவங்க வூட்டுக்கே போறேன், கால்ல வுழுந்தாவது மறுபடி ஓலை வாசிக்க வெக்கணும். கோரமண்டல் ஸ்டேசன்லதான் எறங்கணும். நீங்களுமா?

பொண்ணு பாக்கவா? நல்ல காரியம். பையன் பின்னாடி பெட்டில வர்றாரா... யாரு வூட்டுக்கு?

கொர்னேலியஸ் வூட்டுக்கா. நான் போறதும் அங்கதான.

பொண்ணு பேரு... நிக்கோல்தான?

இல்லக்கா, இருங்க. வெளிச்சம்னு சொன்னேன் பாருங்க, மெசினு இன்னா பெரிய மெசினு, அதுவும் தப்பாக் காட்டும். எதுக்கும் இன்னொரு தபா டெஸ்ட் பண்ணிட்டு... எங்கக்கா எழுந்துட்டீங்க, வண்டி நிக்கட்டும்.

இந்தாங்க, உங்க கூடை. அந்தப் பொண்ணுக்குப் போற பழத்த பெங்களூரு கண்டோன்மென்ட்லேர்ந்து நான்தான மடில வெச்சுக்கினு வந்தேன்.