ரெண்டாவது கையெழுத்து

அதை அழிச்சிடு தங்கச்சி. சின்ன வயசுலேர்ந்தே எனக்குள்ள சேவை மனப்பான்மைன்னு ஆரம்பிக்குதே, அந்த வரி. சின்ன வயசுல எனக்குத் தூங்குற மனப்பான்மைதான் இருந்துச்சு. யார் எழுதினது இது? ஓ, நீ ரெடியா வச்சிருக்கிறதா? நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட உன் கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் இதையே ஒட்டிடுவியா? கெட்டிக்காரிதான். எனக்கு வேணாம்மா. நாப்பத்தாறு வயசுல மேல்படிப்புக்குப் போறவ சின்ன வயசப் பத்தி எழுதினா, படிக்கிறவங்க சிரிப்பாங்க.

கேள்விய இன்னொரு தடவ படி. செவிலியர் தலைமைத்துவத்துல முதுகலை படிக்க நீங்க விரும்புறது ஏன். ஐநூறு வார்த்தைக்குள்ள. ஏன்னு ஒரே வார்த்தைல கேட்டுட்டு நம்மள மட்டும் ஐநூறு எழுதச் சொல்றாங்க பாரு.

இரு, முதல்ல காலத் தூக்கி அந்த ஸ்டூல் மேல வை. எத்தன மாசம், ஏழா? கணுக்கால் வீங்கியிருக்கே. விரலால அமுக்கு, குழி விழுதான்னு பாரு. கொஞ்சம் விழுதா? பிரஷர் கடைசியா எப்பப் பார்த்த? போன மாசமா? நாளைக்கே போய்ப் பாரு, சாக்கு சொல்லாத. டியூட்டி முடிஞ்சு யூனிஃபார்மோடயே வந்துட்டேன்ல, அதான் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

முதல் பேட்ச்தான்மா. பதினாலாம் தேதி சேர்ற பேட்ச். நீயும் மூணு தடவ கேட்டுட்ட. ஹாஸ்டல் ரூம் இல்லன்னு போட்டிருக்கு, தெரியும். மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது பேட்ச்ல போனா ரூம் உண்டு, அதுவும் தெரியும். முதல் பேட்சே போடு. எங்கயாவது படுத்துக்குவேன்.

ஏன் படிக்கணும்னா... முட்டி வலின்னு எழுத முடியுமா? சிரிக்காத. இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். பொம்பளைங்க வார்டு. முப்பத்தெட்டுக் கட்டில், ரெண்டு நர்ஸு. கணக்குப் போட்டா ஆளுக்குப் பத்தொன்பதுன்னு வரும், ஆனா அப்படி வராது. ஒருத்தி மருந்து வாங்க ஸ்டோருக்குப் போயிருப்பா, இல்ல ஸ்கேனுக்கு ஆளத் தள்ளிக்கிட்டுப் போயிருப்பா. முப்பத்தெட்டும் ஒருத்தி தலையிலதான். வீட்டுக்காரர் கேக்குறாரு, இனிமே படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறன்னு. என் பொண்ணுக்கு மட்டும் ஒரே குஷி. அம்மாவும் நானும் ஒரே வருஷத்துல பரீட்சை எழுதப் போறோம்னு காலேஜ் பூரா சொல்லி வச்சிருக்கா.

சரி, இத எழுது. நோயாளிகளோட எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி செவிலியர் வேணும், அந்த முடிவு எடுக்கிற இடத்துக்கு நான் போகணும். நல்லாருக்குல்ல? இது பொய்யும் இல்ல. மூணாவதா ஒரு நர்ஸ் கொடுங்கன்னு பதினோரு மனு எழுதியிருக்கேன். பதினொண்ணாவதுக்குத்தான் பதில் வந்துச்சு. ஆவன செய்யப்படும். அவ்வளவுதான். அத ஃபிரேம் போட்டு மாட்டலாமான்னு யோசிச்சேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், இத எழுதாத. எங்க மேட்ரன் அம்மா இருக்காங்களே, எங்க எல்லாருக்கும் மேலதிகாரி, அவங்களும் இதே படிப்பு படிச்சவங்கதான். அதுக்கு முன்னாடி என்கூட இதே வார்டுல ஓடினவங்க. ஆள் பத்தலன்னு பாத்ரூம்ல போய் அழுவாங்க, நான்தான் மூஞ்சி கழுவிவிட்டு இழுத்துட்டு வருவேன். படிச்சுட்டு வந்து அந்த நாற்காலில உக்காந்தாங்க. என் மனுவ வாங்கிப் படிச்சுட்டு, மேல இருக்கிற கஷ்டம் உனக்குத் தெரியாதுன்னாங்க. கெட்டவங்க இல்ல. அந்த நாற்காலி அப்படி. நான் உக்காந்தாலும் அதேதான் சொல்வேன். இதுல மாற்றம், மலர்ச்சின்னு என்னத்த எழுதறது?

அடுத்த கேள்வி என்ன? நீங்கள் தலைமை தாங்கிச் செயல்படுத்திய ஒரு முன்னேற்றம். இது இருக்கு. எழுதிக்கோ.

இன்சுலின் மாதிரி ஆபத்தான ஊசி இருக்கு பாரு, அதுக்கெல்லாம் ரெண்டு நர்ஸ் வேணும். ஒருத்தி மருந்த எடுப்பா. இன்னொருத்தி கூடவே கட்டில் வரைக்கும் போய், அளவு சரியா, ஆள் சரியான்னு பார்த்து, தாள்ல ரெண்டாவது கட்டத்துல கையெழுத்துப் போடணும். நல்ல சட்டம்தான். ரெண்டாவது நர்ஸ் எங்க இருக்கா? அந்தக் கட்டம் எப்பவும் காலியாவே கெடக்கும். சோதனைக்கு வர்றவங்க வந்து கத்துவாங்க. அப்பதான் நான் ஒரு யோசனை சொன்னேன். காலைல டியூட்டி மாத்துறப்பவே, ஒருத்திக்கு ஒருத்தி அன்னிக்குப் பூராவுக்கும் ரெண்டாவது கையெழுத்தப் போட்டு வச்சிடுவோம். அஞ்சு நிமிஷ வேலை. ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. அடுத்த சோதனைல எங்க வார்டுக்குச் சான்றிதழ் கொடுத்தாங்க. மத்த வார்டுலேர்ந்தெல்லாம் வந்து கேட்டுட்டுப் போனாங்க. மேட்ரன் அம்மா என்னைத் தலைவி, தலைவின்னுதான் கூப்பிடுவாங்க. அவங்களுக்குத் தெரியுமாவா? தெரியாம எப்படி?

அத இப்படி எழுது. பணிச்சூழலுக்கு ஏற்ற புதிய பதிவுமுறையை அறிமுகப்படுத்தினேன். ஆங், அவ்வளவு போதும். சான்றிதழ் நகல் இந்தா, இதையும் ஏத்திடு.

அடுத்தது. உங்கள் மீது விசாரணை ஏதும் நடந்துள்ளதா? இல்லன்னு போடு. என் மேல இல்ல.

என் மேல இல்லன்னா இல்லதான். ஏன் அப்படிப் பார்க்குற? என்கூட இருந்த பொண்ணு மேல நடந்துச்சு. குருவின்னு கூப்பிடுவோம். தத்தித் தத்தி நடப்பா, ஒரு இடத்துல நிக்க மாட்டா. மூணு வருஷம் என்கூட. ஊசி எடுக்கிறதுலேர்ந்து வாய்த்துடுக்கா பேசறவங்கள அடக்குற வரைக்கும் எல்லாம் என்னைப் பார்த்துப் பழகினவ. அக்கா அக்கான்னு முந்தானையப் புடிச்ச மாதிரி பின்னாடியே வருவா.

நாலு மாசம் ஆச்சு. பகல் பன்னெண்டரை. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்கு இன்சுலின். தாள் கட்டில் காலுல தொங்குது, ஒன்பதுன்னுதான் போட்டிருக்கு, ரெண்டாவது கையெழுத்து என்னுது காலைலயே போட்டாச்சு. நான் அந்த நேரம் வார்டு அந்தக் கோடில ஒரு கெழவிக்கு ஆக்சிஜன் வச்சுக்கிட்டிருக்கேன். இவ போனா, போட்டா, வந்துட்டா. ஆனா கட்டில்ல ஆள் மாறியிருந்துச்சு. சர்க்கரைக்காரம்மா பதினாலுல படுத்திருக்காங்க. ஒன்பதுல பதினாலாம் நம்பர் அம்மா. அவங்களுக்குச் சர்க்கரையே இல்ல. போதாததுக்கு ஸ்கேனுக்காக முந்தின நாள்லேர்ந்து வெறும் வயிறு. பேர் கேட்டிருக்கணும், கேக்கல. கைல கட்டுற பேர்ப் பட்டை ஸ்டோர்ல தீந்து ரெண்டு மாசம். ஸ்கேனுக்குக் கூப்பிட வந்தவர்தான், என்ன இந்தம்மா எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னாரு. வேர்வைல நனைஞ்சு கெடந்தாங்க. என்னென்னவோ செஞ்சோம். மூணாம் நாள் போயிட்டாங்க.

தையக்காரம்மா அவங்க. ஆஸ்பத்திரிலயும் கை சும்மா இருக்காது, பைல ஊசி நூல் வச்சிருப்பாங்க. இந்த பட்டன் பாரு, என் யூனிஃபார்ம்ல ரெண்டாவது. அன்னிக்குக் காலைல ஆடிக்கிட்டிருந்துச்சு. அவங்கதான் குனிஞ்சு நில்லும்மான்னு சொல்லி, ஜன்னல் வெளிச்சத்துல அப்படியே தச்சுவிட்டாங்க. மத்த பட்டனெல்லாம் அதுக்கப்புறம் ஒரு தடவ பிஞ்சாச்சு. இது அசையல.

விசாரணைல என்னைக் கேட்டாங்க, இந்தக் கையெழுத்து உங்களுதுதானேன்னு. ஆமான்னேன். சரிபார்த்தீங்களான்னாங்க. முந்தின நாளே மேட்ரன் அம்மா ரூமுக்குக் கூப்பிட்டு, எப்படிச் சொல்லணும்னு சொல்லியிருந்தாங்க. அளவைச் சரிபார்த்தேன், கட்டில் வரைக்கும் போறதுக்குள்ள அந்தப் பொண்ணு அவசரப்பட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன். குருவி எதிர்ல உக்காந்திருக்கா. என்னையே பார்க்குறா. அக்கா இப்ப மிச்சத்தச் சொல்லுவாங்க, இப்பச் சொல்லுவாங்கன்னு. அவ என்னைக் காட்டிக் கொடுக்கல. நான் வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டு எழுந்துட்டேன். அந்த வாரமே அவ வேலை போச்சு. அதுக்கடுத்த வாரம் மேட்ரன் அம்மா இந்தப் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தாங்க. அதான் நீ முதல்ல ஸ்கேன் பண்ணியே, நேர்மை, பொறுப்புணர்வுன்னெல்லாம் இருந்துச்சே, அந்தக் கடிதம்.

அழறேனா? இல்ல, உன் ஃபேன் காத்து நேரா கண்ணுல அடிக்குது.

அந்த ஐநூறு வார்த்தை இன்னும் ஒரே வரியோடதானே நிக்குது? உன்னுதையே ஒட்டிடு. சின்ன வயசுலேர்ந்தே சேவை மனப்பான்மை. இருந்துட்டுப் போகட்டும். எல்லாரும் எழுதறதுதானே, யாரு படிக்கப் போறாங்க?

இது என்ன கட்டம், கீழ? மேற்கண்ட விவரங்கள் அனைத்தையும் முழுமையாகப் படித்துச் சரிபார்த்தேன். நான் இன்னும் படிக்கவே இல்லையே, டிக் போட்டிருக்கு? ஓ. ஆரம்பத்துலயே போட்டுடுவியா? எல்லாருக்குமா? நேரம் மிச்சம்.

திட்டலம்மா. நான் எதுக்குத் திட்டப் போறேன்? எடுக்காத, அப்படியே இருக்கட்டும்.

பிரசவத்துக்கு எங்க போற? எங்க ஆஸ்பத்திரிக்கா? சரி. நல்ல டாக்டர்ங்கதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. யாரு ஊசியத் தூக்கிட்டு வந்தாலும், உன் பேரக் கேட்டாங்களான்னு பாரு. கேக்கலன்னா கையக் குடுக்காத. வாய் விட்டுச் சொல்லு, என் பேர் இதுன்னு. நர்ஸு மூஞ்சியக் காட்டினாலும் பரவாயில்ல.

இப்பவும் அந்தக் கையெழுத்துப் பழக்கம் இருக்கான்னா கேக்குற? இன்னிக்குக் காலைல நாப்பது போட்டேன். புதுசா வந்த பொண்ணுக்கு நான்தான் எப்படின்னு காட்டிக் கொடுத்தேன். வேற வழி என்ன இருக்கு, நீயே சொல்லு.

அந்தம்மா எப்படிக் கட்டில் மாறினாங்கன்னா... அவங்கதான் கேட்டாங்க. ஜன்னல் ஓரம் கெடச்சா நூல் கோக்க வெளிச்சம் இருக்கும்னு. சர்க்கரைக்காரம்மாவுக்கு வெயில் கண்ணுல அடிக்குதாம், அவங்களுக்கும் சம்மதம். காலைல எட்டரைக்கு மாத்தியாச்சு. தாள மட்டும் அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுட்டு, புது கேஸ் வந்துருச்சுன்னு ஓடினது... நான்தான். நான்தான்மா மாத்தினேன். அதுக்கு நன்றியாத்தான் அவங்க இந்த பட்டன் தச்சாங்க. நான் மட்டும் அன்னிக்கு ஊசியோட கட்டில் வரைக்கும் போயிருந்தேன்னா, பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும், இது அந்த ஆள் இல்லன்னு. விசாரணைல யாரு மாத்தினதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். குருவிக்கே தெரியாது. தெரிஞ்சவங்க ரெண்டே பேர். தையக்காரம்மா போயிட்டாங்க. சர்க்கரைக்காரம்மா வீட்டுக்குப் போயாச்சு, அவங்கள யாரும் கேக்கல.

முதல் பேட்ச் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. குருவி அப்பீல் பண்ணியிருக்கா. நர்ஸ் லைசென்ஸையே புடுங்கப் பாக்குறாங்க, அத எதிர்த்து. பதினாறாம் தேதி விசாரணை. அவ பக்கம் சாட்சின்னு ஒரே ஒரு பேர்தான் கொடுத்திருக்கா. அக்கா வந்து உண்மையச் சொல்லுவாங்கன்னு எழுதியே கொடுத்திருக்காளாம். படிப்புல சேர்ந்துட்டா நேர்ல வரத் தேவையில்ல, முன்னாடி சொன்னதையே எடுத்துக்குவாங்கன்னு மேட்ரன் அம்மா விசாரிச்சுட்டாங்க.

தள்ளு, நானே அமுக்கறேன். அனுப்புறதுக்கு இந்தப் பச்சைதானே?

போயிடுச்சா? அவ்வளவுதானா? நான் என்னமோ, ரொம்ப நேரம் ஆகும்னு நெனச்சேன்.