நட்டு மேல மெரூன் புள்ளி

யாரு இப்படி முறுக்குனதுன்னா கேக்குறீங்க? வேற யாரு சார்... அதோ, பக்கத்து ஷெட்டு. சலீம். கொஞ்சம் மெதுவா பேசுங்க, நடுவுல வெறும் தகரம்தான். அவனுக்குக் காது இன்னும் நல்லாத்தான் இருக்கு. வேலைதான்...

டார்ச்ச இப்படிப் புடிங்க. என் மூஞ்சில அடிக்காதீங்க சார், எண்ணெய் அங்க ஒழுகல.

இத பாருங்க. டேப்பட் கவர். பெரிய சமாச்சாரம் இல்ல, இஞ்சின் தலை மேல இருக்குற மூடி. டிபன் பாக்ஸ் மூடின்னு வச்சுக்கோங்க. மூடிக்கு அடியில கார்க் பேக்கிங். மேல ரெண்டே ரெண்டு நட்டு. எழுபத்தொண்ணு மாடல் அம்பாசடருக்கு அவ்ளோதான் வச்சான். கையால திருப்பணும், நின்னதும் ஸ்பானர்ல அரை சுத்து, கைய எடுத்துடணும். கைய எடுக்குறதுதான் சார் வேலையே! அது எத்தன பேருக்கு வருது?

இப்ப இந்தக் கார்க்க பாருங்க... கார்க்கா இது? மிதிபட்ட அப்பளம். முறுக்கி முறுக்கி, மூடித் தகரமே நடுவுல குழிஞ்சு போச்சு. நடுவுல குழிஞ்சா ஓரம் தூக்கும். ஓரம் தூக்குனா எண்ணெய் வரும். எண்ணெய் நேரா அந்தச் சூடான குழாய் மேல சொட்டும். அதான் சிக்னல்ல நிக்குறப்ப உங்களுக்கு வண்டிக்குள்ள மிளகா வத்தல் கருகுற நாத்தம். உங்களுக்கு வித்தாரே பத்மநாபன் சார், விஷ்ராந்த்வாடிக்காரர்... அந்தப் புகைக்குப் பயந்துதான் வித்தாரு. உங்ககிட்ட பார்க்கிங் இல்லன்னு சொன்னாரா? ம்ம். சொல்வாரு, சொல்வாரு.

நான் நைட் ஸ்கூல் சார். பகல்ல மிலிட்டரி ஆர்ட்னன்ஸ் பாக்டரி, சாயந்தரம் ஏழு மணிக்கு இதே பூனா கேம்ப்ல பத்தாவது. அழுத்தம்னா என்னான்னு கேட்டாங்க பரீட்சையில. பலத்த பரப்பால வகுத்தா அழுத்தம். நான் எழுதுனேன். பின்னாடி பெஞ்சுல இந்தச் சலீம், என்னயப் பாத்து எழுதுனான். அவனுக்கு என்னவிட ரெண்டு மார்க்கு ஜாஸ்தி! அத இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறான்... காட்டுனான். இப்பப் பேச்சு இல்லயே. எட்டு மாசமாச்சு, போன கணபதி பண்டிகையில இருந்து.

அட, சண்டைன்னா சட்டையப் புடிக்கல. பத்மநாபன் சார் வந்தாரு, எண்ணெய் ஒழுகுதுன்னாரு. அதுக்கு முன்னாடி ஃபேன் பெல்ட் மாத்த சலீம்கிட்ட போயிருக்காரு. நான் ரோட்லயே நின்னு சொன்னேன்: இது சலீம் கை வச்சதுன்னு. அவன் ஓடி வந்தான். “அரே ஆரோக்கியசாமி, கசம், நான் அந்த மூடியத் தொடவே இல்ல”ன்னான். புள்ள மேல சத்தியம் பண்ணுனான் சார். நான் என்ன சொன்னேன்? எண்ணெய் சத்தியத்துக்கு நிக்காதுன்னேன். நல்லா இருந்துச்சு, சொல்றப்ப. ரோடே சிரிச்சுச்சு. அவனுக்கு ரெண்டு கஸ்டமர் போச்சு.

பன்னெண்டு வருஷமா நாலு மணிக்கு ஒரு கட்டிங் சாய், ரெண்டு பேரும் பாதி பாதி. இப்ப ஆளுக்கொரு முழு சாய் குடிக்கிறோம். எனக்கு அசிடிட்டி. இந்த ரம்ஜானுக்கு பாத்திமா வீட்ல இருந்து ஷீர்குர்மா பாயசம் வரல... அவன் சம்சாரம் சார், பாத்திமா. எங்க வீட்ல எஸ்தர் அன்னைக்கு பூரா வாசலயே பாத்துக்கிட்டு இருந்தா. கிறிஸ்மஸ் கேக்கு நாமதான அனுப்பலன்னு நான் கேட்டா, என்னயே மொறைக்கிறா.

என்ன கேட்டீங்க? சலீமுக்கு அவ்ளோ பலமான்னா? ஹும்! அவனா? அவன் சட்டை பட்டனயே ஒழுங்காப் போட மாட்டான். அவன் மாட்டுன பம்பர் ஸ்பீட் பிரேக்கர்ல தாளம் போடும். லூஸ் கை சார் அவனுக்கு, ஊருக்கே தெரியும்... ஏன் சிரிக்கிறீங்க? லூஸ் கைக்காரன் எப்படி இவ்ளோ டைட்டா... அ... அது அப்பிடித்தான். என்னைக்காவது ஒரு நாள் ஆவேசம் வரும். நீங்க டார்ச்சப் புடிங்க.

என் வேலையா இருந்தா பாத்த ஒடனே சொல்லிடலாம். பாக்டரிப் பழக்கம். அங்க ஒரு நட்ட முறுக்கி முடிச்சா, நட்டும் போல்ட்டும் சேர்ற மாதிரி பெயிண்ட்ல ஒரு புள்ளி வைக்கணும். ‘இது முடிஞ்சது, இனிமே தொடாத’ன்னு அர்த்தம். புள்ளி இருக்குற நட்ட திரும்ப முறுக்குனா இன்ஸ்பெக்டர் கழுத்தத் திருகிடுவாரு. முப்பத்தியோரு வருஷம்... கை விடுமா? ரிட்டயர் ஆகி ஷெட்டு போட்டும் வைக்கிறேன். பெயிண்டுக்கு எங்க போறது, எஸ்தரோட நெயில் பாலிஷ்தான். மெரூன். பெட்ரோல்ல கழுவுனாலும் போகாது. பூனாவுல வேற எந்த மெக்கானிக்கும் நெயில் பாலிஷ் போட மாட்டான். சலீம் கிண்டல் பண்ணுவான், ‘வண்டிக்கு மெஹந்தி எப்ப?’ன்னு.

சரி, அந்த டப்பாவ நகத்துங்க. எண்ணெய் அழுக்கு மூடிக் கெடந்த நட்டு ரெண்டும் மண்ணெண்ணெய்ல ஊறிடுச்சு. தொடச்சு வச்சிட்டா, மூடிய மரக்கட்டை மேல வச்சு நாலு தட்டு தட்டி சமமாக்கிடுவேன். புது கார்க் வெட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க மாமனாரோட நிம்மதியா லோனாவ்லா... போய்...

...

ஒண்ணுமில்ல சார்.

இல்ல, ஒண்ணுமில்ல. டார்ச்ச கொஞ்சம் கிட்ட... ரொம்பக் கிட்ட வேணாம். இது துரு. பழைய வண்டில துரு இந்தக் கலர்லதான்...

ஆமா. மெரூன்தான்.

அட, இருங்க சார், ஒடனே அப்படிப் பாக்காதீங்க! பேக்கிங் நான்தான் போன வருஷம் மழைக்கு முன்னாடி மாத்துனேன். மாத்துனப்ப அரை சுத்துல கைய எடுத்தேன், புள்ளி வச்சேன். அது கரெக்ட்டு! அதுக்கப்புறம் இவன் வந்து... பாருங்க, மூடியக் கழட்டுறப்ப நீங்களே பாத்தீங்கல்ல, அழுக்குன்னு நெனச்சோமே, அந்தப் புள்ளி போல்ட்டு நுனியில ஒரு பக்கம், நட்டுல ஒரு பக்கம். மத்லப், அதாவது, எனக்கப்புறம் யாரோ திருப்பியிருக்கான். யாரு? நான் சொன்னேன்ல! ரோட்ல நின்னு சொன்னேன்ல! இன்னொரு நட்டயும் பாப்போம், அதுலயும் இதே...

இது என்ன... ரோஸ்.

மெரூன் மேல ரோஸ்.

...எஸ்தர், அவ தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குனா. போன வருஷம் ஜூலைல. புடவைக்கு மேட்ச்சுன்னு. மெரூன் தீர்ந்து போச்சு, நான் அதத்தான்...

பத்மநாபன் சார் ஒரு நாள் வந்தாரு. தரையில ஒரே ஒரு சொட்டுன்னாரு. ஒரு சொட்டு சார், கொசு குடிக்கக் காணாது. நான் மழைக்கு ஓரமா, குடையக் கழுத்துல இடுக்கிக்கிட்டு, பானெட்டத் தூக்கி... ரெண்டு நட்டுக்கும் இன்னொரு சுத்து குடுத்தேன். அரை நிமிஷ வேலை. அப்புறம் பழக்க தோஷம், மழையில ஒண்ணுக்கு மட்டும் புள்ளி. வச்சிட்டு மறந்தாச்சு. தொடாதன்னு நானே வச்ச புள்ளிய நானே... அந்த இன்ஸ்பெக்டர் இருந்திருந்தா!

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. மெதுவாச் சிரிங்க, தகரம்.

இப்ப என்னா பண்ணலாம்? பெயிண்ட் தின்னர் அந்த ஷெல்ஃப்ல இருக்கு. ஒரு தொடைப்புல ரெண்டு புள்ளியும் போயிடும். நீங்க ஐடி ஆளு, உங்களுக்குப் புள்ளியும் தெரியாது கோலமும் தெரியாது, என்ன? எனக்கும் இந்த வயசுல கண்ணு... யாரு கேக்கப் போறா? அவன் எட்டு மாசமா கியர்பாக்ஸக் கூட ஜாக்கி வச்சுத் தனியா ஏத்துறான். முன்னல்லாம் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன். போன வாரம் வெரல நசுக்கிக்கிட்டான். கட்டு போட்டுக்கிட்டுத் திரியுறான், நான் பாக்காத மாதிரி பாத்தேன்...

இருங்க. கூப்பிடுறான்.

என்னயவா? உங்களயா இருக்கும்... இல்ல, ‘ஆரோக்கியசாமி, ஸரா இக்டே’ன்னுதான் கேக்குது, கொஞ்சம் இங்க வான்னு. அவன் ஷெட்டுல நிக்குற ஜீப்போட கியர்பாக்ஸ் நழுவுது போல. எட்டு மாசத்துல மொத தடவ வாயத் தொறந்திருக்கான், பாருங்க, எந்த நேரம் பாத்து!

வரேன்! ஆதா ஹூன், விடாத, புடிச்சுக்கோ!

சார், தின்னர எடுத்துட்டீங்களா? வைங்க கீழ. தொடைக்காதீங்க. அந்த ரோஸ் நட்ட மட்டும் குடுங்க, பாக்கெட்ல போட்டுக்குறேன். இப்பவே சொல்லிடுறேன். கியர்பாக்ஸ ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நிப்பான்ல... அடிக்கணும்னாலும் கை இருக்காது.

நாலு ஆகப் போகுது. சாய்க்காரன் வந்தா, ஒரே கட்டிங்னு சொல்லிடுங்க சார்.

வரேன்டா, வரேன்!