புல்லுக்கு நடுவுல ஒரு கோடு

புல்லுத்தரைக்குப் போடற பார்டரா இது? இன்னாப்பா, கல்லுக்கடைன்னு போர்டு போட்டுட்டு பிளாஸ்டிக்கக் காட்றே. பச்சையா இருந்தா புல்லுன்னு ஏமாந்துடுவேனா? ஒரு வெயில் தாங்காது, சுருட்டிக்கும். உள்ள வை.

அது இன்னா, சாய்ச்சி நடற செங்கல்லா? வேணாம்பா. பல்லு பல்லா நீட்டிக்கினு, போலீஸ் ஸ்டேஷன் வாசல் மாதிரி இருக்கும். இந்த இரும்புத் தகடு? முனையப் பாத்தியா, இதுல காய் நறுக்கலாம்.

இல்ல, ஓரத்துக்கு இல்ல. நட்டநடுவுல போடணும். ஏன் முழிக்கிறே? ஒரே வீட்ட ரெண்டாப் பிரிச்சாச்சு. இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் என் தம்பி க்ளென். எங்கம்மா போன கையோட என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தான். ஸ்கூல் போறப்ப அவனுக்கு ஷூ லேஸ் கட்டி உட்டவ நானு. ஜட்ஜுகிட்ட என்னைக் கைகாட்டி, இந்தம்மான்றான். அக்கான்னு வாய்ல வரல தொரைக்கு. கோட்டு சூட்டு வேற, கல்யாணத்துக்கு வந்தாப்புல. கடசில வாசப்புல்லுல பாதி அவனுக்காம், நடுவுல எல்லை போட்டுக்கணுமாம். புல்லுக்குக் கேஸ் போட்ட ஆள எங்கனா பாத்திருக்கியா? மாடுகூட அந்த ஆட்டம் ஆடாது.

பேச்சா? சேச்சே. அவன் பொண்டாட்டி கேரல் மட்டும் கேட்டாண்ட பாத்தா ரெண்டு வார்த்த பேசுவா. பாவம், அவ இன்னா பண்ணுவா.

சுவரா? என் வக்கீலும் அதான் சொன்னாரு, ஆளுயரத்துக்கு எழுப்பிடுங்க மேடம்னு. அவருக்கு இன்னா தெரியும். நீ கருங்கல்லக் காட்டு.

கர்மம், இவ்ளோ உயரமா? கல்லறைக்கு வச்சாப்புல இருக்கும். உருண்டைக் கல்லு வேணவே வேணாம், மிதிச்சா நழுவும். ஆங், அந்தா, சுவத்தாண்ட சாச்சி வச்சிருக்கியே, அந்தத் தட்டைக் கல்லு. சொரசொரப்பாத்தானே இருக்கு? மண்ண நோண்டி உள்ள எறக்கிடு. புல்லும் கல்லும் ஒரே மட்டமா இருக்கணும். கையால தடவுனாக்கூட தட்டக் கூடாது.

கோடு தெரியணுமான்றியா? பின்ன? அதுலயே வெளுப்பா இருக்கறதாப் பொறுக்கிப் போடு. எது என்னோட பக்கம்னு அவனுக்கு நல்லாத் தெரியணும். காலத் தடுக்கக் கூடாது, அவ்ளோதான்.

அவனுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சுப்பா. எடது காலு தூக்க வரல, தேச்சித் தேச்சி நடக்கிறான். தெனமும் நடந்தே ஆவணும்னு டாக்டர் சொல்லிட்டாராம், கேரல் சொன்னா. அவன் பாதில எங்க நடக்கறது? நடக்க ஆரம்பிக்கறதுக்குள்ள தெருப்பக்கத்து வேலி வந்துடும். அதான் காலைல என் பக்கமும் வந்து சுத்திட்டுப் போறான். நான் கர்ட்டன இழுத்து உட்டுக்கினு உள்ளயே உக்காந்துக்குவேன். அக்கா பாக்கறான்னு தெரிஞ்சா வரமாட்டான், அவ்ளோ திமிரு.